மோட்டார் கொட்டகை டைரக்டர்

சென்ற வாரம் நீலாம்பாளை அடுப்படியில், கையில் ஓர் அடையாள அட்டையோடு நிறுத்திவிட்டு வந்தோம். ஏழு நாளாக அவள் அப்படியே நிற்கிறாள். இடையில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோனது. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

அட்டை, மகள் எழில்மொழியின் பையில் கிடந்தது. சாப்பாட்டு டப்பாவை உள்ளே வைக்கும்போது கையில் தட்டுப்பட்டது. எழிலின் படம். அதன் கீழே ‘ஸ்டார்லைன் டேட்டா சிஸ்டம்ஸ்’ என்று நீலாம்பாள் கேள்விப்படாத ஒரு பெயர். வேலையில் சேர்ந்தது இரண்டரை வருஷத்துக்கு முந்திய ஜூன் என்று தேதி வேறு.

எழில் வேலை பார்ப்பது ஸ்டார்லைனில் இல்லை. தஞ்சாவூரில் குளியலறைக் குழாய் விற்கும் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிற ‘ஏழாம்படி டெக்’கில். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பட்டதாரிப் பிள்ளைகளை அவர்களே வேலைக்கு எடுத்து, அவர்களே மூன்று மாதம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து, பிறகு சென்னையில் இருக்கிற பெரிய கம்பெனிகளுக்கு ‘கன்சல்டன்ட்’ என்று அனுப்பிவைப்பார்கள். சம்பளம் ஏழாம்படி கொடுக்கும், உட்காரும் நாற்காலி வேறொருவருடையது. கதிர் அறுக்கும் மெஷின் வாடகைக்கு வருகிற மாதிரி என்று எழிலின் அப்பா கோவிந்தராசு ஒரே வரியில் புரிந்துகொண்டார். புரிந்துகொண்ட அன்றைக்கே சந்தேகப்படவும் ஆரம்பித்தார்.

எழிலைச் சென்னைக் கம்பெனி ஒன்று தேர்ந்தெடுத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். அவர்கள் ஊரான கண்ணந்தங்காட்டில், அந்தத் தெருவிலிருந்து சென்னைக்கு நாற்காலி வேலைக்குப் போகிற முதல் பெண்.

கோவிந்தராசுவின் சந்தேகம் நாலு ஊருக்குப் பிரசித்தம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கும் கருவியை நம்பாமல், நன்றாகக் காய்ந்த நெல்லை ஒரு துணியில் முடிந்து எடுத்துப்போய், முதலில் இதை அளந்து காட்டு என்பார். அவருடைய ஆழ்துளைக் கிணற்றில் நூற்றெண்பது அடியில் தண்ணீர் பீறிட்டு எல்லோரும் கைதட்டியபோது, பக்கத்துக் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் சிரித்தார். ஒருமுறை சூரிய கிரகணம் பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிஷம் தாமதமாக வந்ததென்று, யாரிடம் புகார் கொடுப்பது என டீக்கடையில் விசாரித்தவர் அவர்.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா வாழ்நாள் முழுவதும் கூலிக்கு அறுத்த நிலத்தில்தான் இரண்டேகால் ஏக்கரைக் கோவிந்தராசு கிரயம் வாங்கினார். பட்டா தன் பெயருக்கு மாற ஒன்பது வருஷம் ஆனது. ஒன்பது வருஷம் தாலுகா ஆபீஸ் படியேறியவருக்குச் சந்தேகம் ஒரு வியாதியாக இருக்க முடியாது. அது அவர் கற்றுக்கொண்ட தொழில்.

நீலாம்பாள் மகளிடம் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் நம்ப வேண்டியிருக்கும். அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, எழிலை ஏழு இருபது பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, தூக்குவாளியில் டீயோடு வயலுக்கு நடந்தாள்.

வயல் பார்க்கும்படியாக இல்லை. அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது தை மாதத்தில் மூன்று நாள் மழை. சம்பா நெல் மொத்தமும் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. தண்ணீரில் கிடந்த கதிர்களில் முளை விட்டிருந்தது. பயிர்ச் சேதம் கணக்கெடுக்க ஆபீஸர் இந்த வாரம் எந்த நாளும் வரலாம் என்று வி.ஏ.ஓ. சொல்லியிருந்தார். அதனால் கோவிந்தராசு பொழுது விடிந்ததும் மோட்டார் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்து, பொழுது சாய்ந்துதான் வீட்டுக்குப் போனார்.

அவர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“இதுல என்ன இருக்கு? வேலை பழகறதுக்குக் குடுத்திருப்பாங்க” என்றார். சந்தேகப்படுகிறவர் அப்படிச் சொன்னதே நீலாம்பாளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“படத்துல கழுத்தப் பாருங்க” என்றாள். “என் ஊதாப் புடவைக் கரைய வெட்டி நான் வெச்சுத் தைச்ச சுடிதாரு. போன தீபாவளிக்குத் தைச்சது. ரெண்டரை வருசத்துக்கு முந்தி அந்தக் கரை என் இடுப்புல இருந்துச்சு.”

கோவிந்தராசு டீயைக் கீழே வைத்தார். அந்த ஜூனில் எழில் காலேஜில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அரிசி மூட்டையைத் தோளில் வைத்து ஹாஸ்டலில் இறக்கியது அவர்தான்.

“நீ போயி என்னன்னு பாத்துட்டு வா” என்றார். “நான் இந்த எடத்த விட்டு நகந்தா, அந்த நேரம் பாத்து வந்துட்டுப் போயிடுவானுவோ.”

அவள் எட்டேமுக்கால் பஸ்ஸைப் பிடித்தாள்.

அந்த பஸ் பாதி வழி வந்தபோது தஞ்சாவூரில் எழில், மேனேஜர் ராஜராஜனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். தஞ்சாவூரில் இப்படியொரு பெயரை வைத்துக்கொண்டவர் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவார். அவருக்குப் பின்னால் சுவரில் அவர் யாருடனோ கைகுலுக்கும் படம் இருந்தது. குலுக்கியவரின் கை மட்டும் படத்தில் விழுந்திருந்தது. அறையில் ஏசி வைத்திருந்த குளிருக்கு, மேஜைமேல் இருந்த தலையாட்டிப் பொம்மை இரண்டு வருஷமாகத் தலையாட்டவில்லை.

ராஜராஜன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். சென்னைக் கம்பெனி இரண்டு வருஷ அனுபவம் உள்ளவர்கள்தான் வேண்டும் என்று கேட்டது. அதனால் ஏழாம்படி எழிலுக்கு இரண்டு வருஷ அனுபவம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த அனுபவம் எங்கே கிடைத்தது என்பதற்காகத்தான் ஸ்டார்லைன். அட்டை அதற்காகத்தான். இன்றைக்குப் பதினோரு மணிக்கு ஒருவர் ஸ்டார்லைனை நேரில் பார்க்க வருகிறார்.

ஸ்டார்லைன் எங்கே இருக்கிறது என்று எழில் கேட்டாள்.

“உங்க ஊர்லதாம்மா. உங்க அப்பா பேர்ல ஒரு மோட்டார் கொட்டகை இருக்குல்ல. கரண்ட் கனெக்‌ஷனே தனியா இருக்கு. நீ குடுத்த பேப்பர்ல பாத்தோம். அவர்தான் டைரக்டர்.”

எழிலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்கு ஏற்ற இடமாக அது தெரியாததால் அடக்கிக்கொண்டாள். அந்த அட்டையைப் போன மாதம் கொடுத்தபோது, நேர்காணல் பழகுவதற்கு என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு அப்போதே ஒரு நெருடல். ஆனால் சக பயிற்சிக்காரர்கள் பன்னிரண்டு பேரும் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள், அவளும் மாட்டிக்கொண்டாள்.

அப்பாவுக்கு உடனே ஃபோன் செய்து, ஆள் வந்தால் ஆமாம் என் கம்பெனிதான் என்று சொல்லச் சொல் என்றார் ராஜராஜன்.

“எங்க அப்பாகிட்ட பொய் சொல்லச் சொன்னா, சொல்லச் சொன்னது யாருன்னு முதல்ல கேப்பாரு சார்.”

“பொய் எங்கம்மா வந்துது? இன்னும் ரெண்டு வருசம் போனா உனக்கு ரெண்டு வருச அனுபவம் இருக்கப்போவுது. அத நாம இப்பவே சொல்றோம், அவ்வளவுதான்.”

ஃபோன் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர் அதே குரலில் சொன்னார். திங்கட்கிழமை போய்விடும். பொய்ச் சான்றிதழ் கொடுத்தவள் என்று அவள் பெயர் எல்லாக் கம்பெனிகளின் கண்ணிலும் படும். அதைக் கொடுத்தது ஏழாம்படி என்று அவள் சொல்லலாம். சான்றிதழில் ஏழாம்படி என்ற பெயர் எந்த மூலையிலும் இல்லை.

எழில் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். அப்பாவின் எண்ணை எடுத்தாள். விரலை வைக்கவில்லை. அப்படியே முக்கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். ஏறி இறங்கியவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பத்தரைக்கு ஏறி வந்த ஒருவர் மட்டும் சுற்றிப் போகாமல் எதிரிலேயே நின்றார். நிமிர்ந்தால், அம்மா.

நீலாம்பாள் இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து மகள் மடியில் வைத்தாள்.

எழில் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், “நான் ஃபோன் பண்ணலம்மா. பண்ணவும் மாட்டேன். வர்ற ஆளு கொட்டகையப் பாத்துட்டு அப்படி ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போகட்டும். திங்கக்கெழம போனாப் போவுது” என்றாள்.

நீலாம்பாள் மகள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். வேறு ஏதாவது மறைக்கிறாயா என்று கேட்டாள். இல்லை என்று எழில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம், ஒரு ‘இல்லை’க்கு வேண்டிய நேரத்தைவிடச் சற்று அதிகம்.

பதினொன்று பத்துக்குக் கண்ணந்தங்காட்டில் மோட்டார் கொட்டகை முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் நெய்னா முகம்மது, அதிராம்பட்டினத்துக்காரர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சொன்ன விலாசமும் பழைய கம்பெனியும் நிஜமா என்று நேரில் பார்த்து எழுதி அனுப்புவது அவர் பிழைப்பு. ஒரு நாளைக்கு ஒன்பது இடம். கழுத்தில் பட்டி போட்டு அட்டை தொங்கியது. வந்ததும் கொட்டகையை நாலு பக்கமும் ஃபோனில் படம் பிடித்தார்.

பயிர்ச் சேதம் பார்க்கிற ஆபீஸரும் கழுத்தில் அட்டையோடு வந்து ஃபோனில்தான் படம் பிடிப்பார்.

வேறொரு நாளாக இருந்தால் கோவிந்தராசு அந்த அட்டையை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்திருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் பார்த்தார். நீங்கள் எந்த ஆபீஸ், யார் அனுப்பினார்கள், எழுதிக் கொடுத்தார்களா என்று கணக்கெடுக்க வந்தவரைக் குடைந்து எடுத்தார். ஊரில் எல்லோருடைய வயலும் நஷ்டஈட்டுப் பட்டியலில் வந்தது. இவருடையது மட்டும் வரவில்லை. இந்த முறை யார் வந்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனிதரைச் சந்தேகப்படுவதில்லை என்று முடிவெடுத்தார். முடிவில் தவறில்லை. எடுத்த நாள்தான் மாறிப்போயிற்று.

நெய்னா முகம்மது, சென்னையிலிருந்து வெரிஃபிகேஷன் என்றார். கோவிந்தராசு கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார்.

“கோவிந்தராசுங்கறது நீங்கதாங்களா? எடம் உங்க பேர்லதான் இருக்கா?”

“எம்பேர்லதான் சார். ஒம்பது வருசம் அலைஞ்சு வாங்குனது.”

எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று கேட்டார். இருபது பேர் வருவார்கள் என்றார் கோவிந்தராசு. இப்போது நடக்கிறதா என்று கேட்டார். எங்கே நடக்கிறது, எல்லாம் தண்ணீரில் போய்விட்டது, இந்த வருஷம் ஒருவருக்கும் வேலை இல்லை என்றார். சேதத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டிய இடத்தில் கூட்டிச் சொல்வது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டார் எரிந்துவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டார். மோட்டார் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

நெய்னா முகம்மது ஃபோனைத் தடவிக்கொண்டே அடுத்த கேள்வியைப் படித்தார்.

“எழில்மொழின்னு ஒருத்தவங்க இங்க வேலை பாத்தாங்களா?”

கோவிந்தராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். நெல் முளைத்ததற்கும் மகள் பெயருக்கும் என்ன சம்பந்தம்? கேட்டுவிடலாமா? மூன்று வருஷத்துக்கு முன் கேட்டதுதான் நினைவுக்கு வந்தது. குடும்பத்தில் யார் யார் உழுகிறார்கள் என்று எழுதுவார்களாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

“பாத்திருக்குங்க. எம்பொண்ணுதான். லீவுல வந்தா இங்கதான் கெடக்கும். இப்ப தஞ்சாவூருல வேலைக்குப் போயிடுச்சு” என்றார்.

நெய்னா முகம்மது அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படுத்துக் கிடந்த நெல்லைப் பார்த்தார். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். தன் எண்ணைக் கொடுத்து, அவர் எண்ணையும் குறித்துக்கொண்டார். மழையில் ரொம்ப நஷ்டம்தான் போலிருக்கிறதே ஐயா என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையில், வந்தவர் வேளாண்மைத் துறைதான் என்று கோவிந்தராசுவுக்கு உறுதியாகிவிட்டது.

பன்னிரண்டரைக்கு ஏழாம்படியில் ராஜராஜன் அறையை விட்டே வெளியே வந்தார். கையில் அசோகா அல்வா டப்பா. படியில் உட்கார்ந்திருந்த தாயையும் மகளையும் எழுப்பி உள்ளே அழைத்துப்போய், ஏசிக்கு நேரே உட்காரவைத்தார். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி, நேரில் பார்த்தவர் எழுதியது சென்னையிலிருந்து வந்திருப்பதைக் காட்டினார். இடம் இருக்கிறது. உரிமையாளரைச் சந்தித்தாயிற்று. பணியாளர்கள் இருபது. வெள்ளத்தால் தற்காலிகமாக மூடல். எழில்மொழி பணிபுரிந்தது உண்மை.

“உங்க வீட்டுக்காரர் பேசுன மாதிரி எங்க ஆளுங்ககூடப் பேசமாட்டாங்கம்மா” என்றார்.

நீலாம்பாள் திரையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். ஃபோன் செய்யவில்லை என்று சத்தியம் செய்த மாதிரிச் சொன்னவள் இவள். பொய் சொல்லத் தெரியாதவர் என்று தான் இருபத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறவர் அவர். இரண்டு பேரில் ஒருவர் தன்னை ஏமாற்றியிருக்க வேண்டும். அசோகாவை அவள் தொடவில்லை.

“இனிமே கையெழுத்துப் பொருத்தம் மட்டுந்தான் பாக்கி. அது சும்மா ஒரு சம்பிரதாயம்” என்றார் ராஜராஜன்.

எழில் வாய்வரைக்கும் கொண்டுபோன அசோகாவைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தாள். நீலாம்பாள் அதையும் பார்த்தாள்.

இருவரும் ஊருக்கு பஸ் ஏறினார்கள். வந்து இறங்கியபோது மணி நாலு. கோவிந்தராசு சேதம் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற நிம்மதியில் அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, குளித்து, திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நீலாம்பாள் கேட்டாள். எப்படிச் சொன்னேன் என்று அவர் கேட்டார். இரண்டு பக்கத்தையும் ஒட்டவைத்துப் புரிந்துகொள்ள மூன்று பேருக்கும் பத்து நிமிஷம் பிடித்தது. தான் காலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் டைரக்டராக இருந்து அதை மழையில் இழந்திருக்கிறோம் என்பது கோவிந்தராசுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. வந்தவருடைய எண்ணைத் தேடினார். தேடி எடுப்பதற்குள் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

தாம் சொன்னதெல்லாம் நெல்லைப் பற்றி, இங்கே கம்பெனி எதுவும் கிடையாது என்று கோவிந்தராசு படபடவென்று சொன்னார்.

“அது எனக்குக் காலையிலயே தெரியும்ங்கய்யா” என்றார் நெய்னா முகம்மது. “எனக்குக் குடுத்திருக்கிறது அஞ்சு கேள்வி. இது மோட்டார் கொட்டகையான்னு ஆறாவது கேள்வி அதுல இல்ல. இந்த மாசம் மட்டும் சீர்காழிப் பக்கம் ஒரு வைக்கப்போரு, கோடியக்கரையில உப்பளத்துக் குடிசை ஒண்ணு. எல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனி. நான் பாக்கறத எழுதுவேன், சென்னையில முடிவெடுப்பாங்க.”

“அப்ப இப்ப எதுக்கு தம்பி கூப்புட்டீங்க?”

“பொண்ணோட அனுபவச் சான்றிதழ்ல டைரக்டர்னு உங்க கையெழுத்து இருக்கு. நீங்க எனக்குப் போட்ட கையெழுத்தோட அது ஒத்துவரல. அது உங்களுதா, இல்லையா? ஆறு மணிக்குள்ள நான் அனுப்பியாவணும். உங்களுது இல்லன்னா அது வேற கேஸ்ங்கய்யா. யாரு போட்டாங்கன்னு போலீசு வரைக்கும் போவும்.”

படத்தை அனுப்பியிருந்தார். கோவிந்தராசு ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கோ, வளைந்து ஏறி, கடைசியில் ஒரு இழுப்பு. அவருடைய கையெழுத்துதான், ஆனால் அவருடைய கை இல்லை.

“ஒரு நிமிசம் தம்பி” என்று ஃபோனை மார்போடு அழுத்திக்கொண்டார்.

“நான் போட்டதுப்பா” என்றாள் எழில்.

வேலையில் சேரும்போது பெற்றோர் சம்மதம் என்று ஏழாம்படி நாலு பக்கக் காகிதம் கொடுத்தது. கோவிந்தராசு அதைப் பதினோரு நாள் படித்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி பிடிக்கவில்லை என்று கையெழுத்துப் போட மறுத்தார். பன்னிரண்டாம் நாள் கடைசி நாள். எழில் பஸ்ஸில் உட்கார்ந்து தானே போட்டுக் கொடுத்துவிட்டாள். அப்பா மனசு மாறிவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னாள். கையெழுத்து இல்லாமலே சேர்த்துக்கொண்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னாள். அந்தக் கையெழுத்தைத்தான் ஏழாம்படியில் எடுத்துச் சான்றிதழில் ஒட்டியிருக்கிறார்கள்.

என்னுடையது இல்லை என்றால் மகள் மாட்டிக்கொள்வாள். என்னுடையது என்றால், இல்லாத கம்பெனிக்குப் பொய்ச் சான்றிதழ் கொடுத்த டைரக்டர் அவர்.

“இல்லன்னு சொல்லிடுங்கப்பா” என்றாள் எழில். “நான் போட்டது. நானே பாத்துக்கறேன். உங்க பேரு அதுல வர வேணாம்.”

நீலாம்பாள் கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கோவிந்தராசு ஃபோனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

“தம்பி, கையெழுத்து விசயத்த ஃபோன்ல பேசறது எனக்குச் சரிப்படாது. ஆறு மணிக்கு முந்தி நேர்ல வாங்க. நீங்க பாக்கும்போதே ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டுறேன். அத வெச்சு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

பட்டுக்கோட்டையில் இருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அவர் ஃபோனை வைத்தார். எழுந்து போய் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதமும் பேனாவும் எடுத்து வந்து மகள் முன்னால் வைத்தார்.

“அத நீ எப்புடிப் போட்டேன்னு ஒரு தடவ போட்டுக் காட்டு பாப்பா” என்றார். “மெதுவாப் போடு. என் கையும் பழகணும்ல.”